நாலு கட்டம் வரைய நேரம் எங்கே இருக்கிறது?

ஜனவரி 6, இரவு 10.40

ஒரு வாசகர் கேட்கிறார்: "வேலைக்குப் போகிறேன். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். தினமும் நாட்குறிப்பைச் சித்திரக்கதையாக வரைய ஆசை. ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் இதைத் தொடங்கவே கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொல்கிறார். சரியா?"

சரியில்லை. எனக்கு ஒரு நாள்கூட முழுசாக ஒரு மணி நேரம் கிடைத்ததில்லை. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு மூன்று. அப்பா எங்களோடு இருக்கிறார். கணவருக்கு வாரத்தில் நாலு நாள் இரவு வேலை. இதற்கு நடுவே இரண்டு வருடத்தில் ஏ6 நோட்டு ஐந்து நிரம்பியிருக்கிறது. ஏ6 என்றால் 105 x 148 மி.மீ., உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, நாலு கட்டம் ஆயிற்று. ஒரு கட்டத்தில் ஓர் ஆளும் ஒரு வாக்கியமும்தான் கொள்ளும். இடம் அவ்வளவுதான் என்பதால் நேரமும் அவ்வளவுதான் பிடிக்கும்.

எப்போது வரைவது என்றால், குழந்தைகள் தூங்கிய பிறகு. வீடு அடங்கியதும் பத்து நிமிடம் போதும்.

ஜனவரி 7, காலை 6.15

நேற்று எழுதியது தப்பு. படுத்த பிறகு சந்தேகம் வந்தது, காலையில் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பக்கத்தின் மூலையில் மணி குறித்துவைப்பது என் வழக்கம். டிசம்பரில் 19 பக்கம் வரைந்திருக்கிறேன். அதில் குழந்தைகள் தூங்கிய பிறகு வரைந்தவை நாலே நாலு. மீதி 15 பக்கமும் எல்லாரும் விழித்திருக்கும்போது வரைந்தவை. சாப்பாட்டு மேசையில், மகன் தொட்டித் தண்ணீரில் விளையாடும்போது குளியலறை வாசலில், மகளின் நீச்சல் வகுப்பு முடியக் காத்திருக்கும்போது.

அந்த நாலு இரவுப் பக்கங்களைப் பார்த்தாலே தெரிகிறது. கோடு தளர்ந்திருக்கிறது, முகமெல்லாம் ஒரே முகம். நாலிலும் கடைசிக் கட்டத்தில் நான் படுக்கையில் இருக்கிறேன். பகலில் நடந்தது எதுவும் ஞாபகத்துக்கு வராமல், எதிரே இருந்த தலையணையை வரைந்திருக்கிறேன்.

ஆகவே கேட்டவருக்குத் திருத்திச் சொல்கிறேன்: இரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். வீடு அடங்கும்போது நாமும் அடங்கிவிடுகிறோம்.

ஜனவரி 9

"பகலில் குழந்தை பேனாவைப் பிடுங்குமே" என்று இன்னொருவர். பிடுங்கும்தான். நான் நாலு கட்டத்தையும் ஒரே மூச்சில் வரைவதில்லை. முதலில் மூன்று சொல் மட்டும் எழுதிக்கொள்வேன், கையில் கிடைத்த எந்தக் காகிதத்திலாவது. திங்கட்கிழமை எழுதியது இது: "சாக்ஸ். தூங்குது. கதவு."

காலையில் கிளம்பும் அவசரம். மகன் ஒரு காலில் சாக்ஸோடு நிற்கிறான். இன்னொன்றை எங்கெங்கோ தேடுகிறேன், சோபாவுக்கு அடியில் தலையை விட்டுத் தேடுகிறேன். அவன் அதைத் துண்டுக்குள் படுக்கவைத்துப் போர்த்தியிருக்கிறான். "அதுவும் தூங்குது" என்கிறான். வேறு ஜோடி போட்டுவிட்டு, சாக்ஸ் எழுந்துவிடாதபடி கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனோம். மாலையில் அந்த மூன்று சொல்லைப் பார்த்ததும் முழுசாக வந்துவிட்டது, துண்டின் ஓரத்தில் இருந்த கோடுகள் உட்பட. எழுதாமல் விட்டிருந்தால் "காலையில் ஒரே அவசரம்" என்ற அளவில்தான் நின்றிருக்கும்.

விஸ்கான்சின் மேடிசன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கும் சித்திரக்கதைக் கலைஞர் லிண்டா பாரி மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி இதற்கு நெருக்கமானது. இடப்பக்கம் அன்று செய்தவை ஏழு, வலப்பக்கம் பார்த்தவை ஏழு, கீழே காதில் விழுந்த ஒரு பேச்சு, அதற்குப் பக்கத்தில் சட்டென்று போட்ட ஒரு சின்னப் படம். செய்து பாருங்கள். செய்தவை ஒரு நிமிடத்தில் நிரம்பிவிடும். எழுந்தேன், துவைத்தேன், ஓடினேன். பார்த்தவை என்ற பக்கத்தில்தான் கை நிற்கும். நாள் பூராவும் வீட்டு ஆட்களோடு இருந்துவிட்டு, அவர்கள் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார்கள் என்று சொல்லத் தெரியாமல் நான் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். வரைய நேரமில்லை என்பதற்கு முன்னால் பார்க்கவே நேரமில்லை என்பது இருக்கிறது. எனக்கு இந்த நோட்டு அதற்காகத்தான் வேண்டியிருக்கிறது.

ஜனவரி 14

"என் குழந்தையை வரைந்தால் குள்ளமான ஒரு பெரியவர் போல வருகிறது" என்று கேட்டவருக்கு. எனக்கும் முதல் நோட்டு முழுக்க அப்படித்தான் இருந்தது.

பெரியவர்களின் உயரம் அவரவர் தலையளவில் ஏறத்தாழ ஏழரை. பிறந்த குழந்தைக்கு நாலு. மூன்று வயதில் ஐந்துக்குப் பக்கத்தில் வரும். பெரியவர் தலையில் உச்சிக்கும் தாடைக்கும் சரிபாதியில் கண் இருக்கும். குழந்தைக்கு அந்தப் பாதிக்கும் கீழே. நாம் பேசும்போது முகத்தையே பார்ப்பதால் நெற்றிக்கு மேலே இருக்கும் மண்டையை விட்டுவிடுகிறோம். கண்ணை ஏற்றி வைத்தால் வயசும் ஏறிவிடும். கண், மூக்கு, வாய் மூன்றையும் கீழ்ப்பாதியில் நெருக்கிப் போட்டு மேலே காலியாக விடுங்கள், குழந்தை வந்துவிடும்.

அதோடு மணிக்கட்டைப் பாருங்கள். என் மகனுக்கு அங்கே எலும்பே தெரியாது, நூல் கட்டியது போல ஒரு மடிப்புதான். அந்த ஒரு வளைகோட்டைப் போட்டதும் கை அவனுடையதாகிவிட்டது. கழுத்தை நான் வரைவதே இல்லை. குந்தி உட்கார்ந்தால் குதிகால் இரண்டும் தரையில் பதிந்திருக்கும், முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வரும். கிரயானை முஷ்டியால் பிடிப்பான், தோளிலிருந்து கிறுக்குவான்.

அசையாமல் இருக்க மாட்டார்களே என்றால், இருக்க வேண்டாம். அவன் நகர்ந்ததும் அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று தொடங்குவேன். கட்டை அடுக்கும் குழந்தை மூன்று நாலு நிலைகளுக்குத்தான் திரும்பத் திரும்ப வரும். அடுத்த முறை அவன் எட்டி எடுக்கும்போது பழைய கோட்டுக்குப் போய்க் கையைச் சேர்த்துவிடலாம். பக்கத்தில் ஏழு தொடக்கம் இருக்கும், ஒன்றுக்குத்தான் தலையும் காலும் இருக்கும். அதுவே போதும்.

ஜனவரி 15

போட்டோ எடுத்து அதைப் பார்த்து வரையலாமே என்கிறார் ஒருவர். சட்டை மடிப்பு, நாற்காலியின் கால் இதற்கெல்லாம் நானும் எடுக்கிறேன். ஆனால் போட்டோவில் இருப்பதையெல்லாம் வரையத் தோன்றிவிடுகிறது, எது முக்கியம் என்று அது சொல்வதில்லை. ஞாபகத்திலிருந்து வரைந்தால் ஞாபகம் இருந்தது மட்டும் வரும். எனக்கு அதுதான் வேண்டும்.

ஜனவரி 22, இரவு

எழுத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. என் முதல் நோட்டைக் கெடுத்ததே அதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

படத்தை வரைந்து, பேச்சுக் குமிழியையும் வரைந்துவிட்டு, அப்புறம் அதற்குள் வசனத்தை நுழைப்பேன். நுழையாது. "பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று எழுத 13 எழுத்து வேண்டும். 5 செ.மீ. அகலக் கட்டத்தில் அந்த ஒரு சொல்லே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை போகும். உடைத்து எழுதினால் வாசிக்கிறவர் தடுக்குவார். "பாத்துட்டிருக்கேன்" என்றால் ஒன்பதில் முடிந்துவிடும், வீட்டில் பேசுவதும் அதுதான். என் நோட்டில் ஆட்கள் பேசுவதெல்லாம் பேச்சுத் தமிழில் இருப்பதற்கு முதல் காரணம் இடம். எழுத எழுத அவரவர் குரலும் வந்து சேர்ந்தது. கட்டத்துக்கு மேலே நான் சொல்லும் வரி மட்டும் எழுத்துத் தமிழ்.

வரிசை இப்போது தலைகீழ். முதலில் வசனம், அதைச் சுற்றிக் குமிழி, மிச்ச இடத்தில் ஆள். முதலில் பேசுகிறவர் இடப்பக்கமோ மேலேயோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதில் முந்திவிடும். ஆளை வரைந்த பிறகு இது ஞாபகம் வந்து, குமிழியின் வாலை இன்னொருவர் தலையைச் சுற்றிக் கொண்டுபோன பக்கங்கள் என்னிடம் இருக்கின்றன.

வரிக்கு வரி இடைவெளி தாராளமாக வேண்டும். மேல்வரியில் "நூ" இறங்கும், கீழ்வரியில் "றி" ஏறும், இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் எழுத்தின் உயரத்தில் பாதியை இடைவெளியாக விடுகிறேன்.

ஜனவரி 23

ஒன்று விட்டுப்போனது. புள்ளி. குமிழியின் கோடு வரிக்கு மிக நெருங்கினால் மேலே இருக்கும் புள்ளியை விழுங்கிவிடும். மகளுக்குப் பல் விழுந்த அன்று "பல் விழுந்தது" என்று எழுதியிருந்தேன். வாங்கிப் படித்தவள், "பல விழுந்ததா? ஒண்ணுதானேம்மா விழுந்தது?" என்று வாயைத் திறந்து காட்டினாள்.

பிப்ரவரி 1, காலை 7.05

விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கட்டம் வரைவது என்று சித்திரக்கதை வரைபவர்கள் பல நாடுகளில் வைத்திருக்கும் நாள் இன்று. நானும் முயல்கிறேன். ஆறு மணிக் கட்டம் முடிந்தது: இருட்டில் பல் துலக்கும் கணவர், இப்போதுதான் வேலையிலிருந்து வந்தவர். அவருக்கு இது இரவு.

11.30

எட்டும் ஒன்பதும் தவறின.

மாலை 5.50

மகன் "என்னை வரை, இப்போ என்னை வரை" என்று மூன்று மணியிலிருந்து மேசைக்கடியில் ஒளிந்திருக்கிறான். மூன்று, நாலு, ஐந்து, மூன்று கட்டத்திலும் மேசைதான் இருக்கிறது.

பிப்ரவரி 2

16 மணி நேரத்தில் 11 கட்டம். தவறிய ஐந்தையும் நிரப்பவில்லை.

ஒரு காலத்தில் நிரப்புவேன். விட்ட நாளைக் கடன் மாதிரி சேர்த்துவைப்பேன். ஒரு முறை காய்ச்சல் வீட்டில் எல்லாரையும் சுற்றிவந்து ஒன்பது நாள் பாக்கி ஆனது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒன்பதையும் வரைந்தேன். இப்போது புரட்டிப் பார்த்தால் அந்த ஒன்பது பக்கத்தையும் நம்ப முடியவில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி, எல்லாரும் போர்வைக்குள். உண்மையில் மூன்றாம் நாள் மகள் தேறிவிட்டாள் என்று கணவர் சொல்கிறார். அந்த ஞாயிறு அவள் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருந்தாள், நான் அவள் காய்ச்சலை வரைந்துகொண்டிருந்தேன்.

ஜேம்ஸ் கொச்சால்கா என்ற அமெரிக்கக் கலைஞர் 1998 அக்டோபர் முதல் 2012 டிசம்பர் 31 வரை நாட்குறிப்புச் சித்திரக்கதை வரைந்தார். தொடங்கியபோது பிள்ளைகள் இல்லை. பிள்ளைகள் பிறந்ததும் வளர்ந்ததும் அந்தக் கட்டங்களுக்குள்ளேயே நடந்தன. அதைப் பார்த்துத்தான் எனக்கும் தினமும் என்ற சொல் பிடித்துக்கொண்டது. ஆனால் அவர் தொழிலாகச் செய்தவர். எனக்குப் பொருந்தியது வேறு: விட்டால் விட்டது, அடுத்த தேதியைப் போட்டுத் தொடங்கு. ஜனவரி 6-ல் கேட்டவர் "தினமும்" என்று எழுதியிருந்தார், நான் அதைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டேன். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். டிசம்பரின் 19 பக்கம் எனக்கு நிறைந்த மாதம்.

பிப்ரவரி 11

டம்ளர் கவிழ்ந்தது. யார் கை என்பது வேண்டாம். ஜெல் பேனாவில் வரைந்த ஆறு பக்கம் நீலப் புகையாகிவிட்டது. அடுத்தடுத்து இருந்த பழைய பக்கங்கள் தப்பின, அவை நீரில் கரையாத நிறமி மைப் பேனாவில் வரைந்தவை. அந்தப் பேனா தீர்ந்துபோய் இரண்டு வாரமாகக் கையில் கிடைத்ததில் வரைந்தேன், அந்த இரண்டு வாரம்தான் போயிற்று. நிறமி மை காய்ந்ததும் காகிதத்தில் பிடித்துக்கொள்ளும். மேலே தண்ணீர் வண்ணம் பூசினாலும் நகராது. 0.3 மி.மீ. முனை எழுத்துக்கும் படத்துக்கும் சேர்த்தே போதும். காகிதம் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) என்றால் பின்பக்கம் தெரியும். 150 ஜிஎஸ்எம் இருந்தால் இரண்டு பக்கமும் வரையலாம்.

ஆறு பக்கத்தையும் கிழித்துப் போடவில்லை. ஒன்றில் அப்பாவின் மூக்குக் கண்ணாடி மட்டும் கரையாமல் நிற்கிறது.

பிப்ரவரி 19

அப்பாவைப் பற்றிச் சொல்லவே இல்லை. என்னிடம் இருக்கும் ஒரே அசையாத ஆள் அவர்தான். மதியம் நாற்காலியில் கண்ணயர்வார், அரை மணி நேரம் அப்படியே இருப்பார்.

கிமோன் நிக்கோலைடிஸ் என்ற ஓவிய ஆசிரியர் வலியுறுத்திய பயிற்சி ஒன்று உண்டு. காகிதத்தைப் பார்க்காமல், பென்சில் முனை எதிரே இருப்பவரின் மேல்தோலையே தொடுவதாக எண்ணிக்கொண்டு, கண் நகரும் வேகத்தில் கை நகர வேண்டும். சனிக்கிழமை அப்பாவின் வலது கையை அப்படி வரைந்தேன். நாற்காலிக் கைப்பிடியின் விளிம்பில் கட்டைவிரல் மட்டும் தனியாக மடிந்திருக்கிறது. ஆட்காட்டி விரலின் நடுக்கணு வீங்கி, மோதிரம் இனி ஒருபோதும் தாண்ட முடியாத அளவுக்குப் பருத்திருக்கிறது. புறங்கையில் ஒரு நரம்பு நேரே வந்து, கணுவுக்கு முன்னால் இரண்டாகப் பிரிந்து, ஒன்று தோலுக்கடியில் மறைந்துவிடுகிறது. என் கண் அந்த இடத்தில் நின்றுவிட்டது. காகிதத்தில் பார்த்தால் ஐந்து விரலும் ஐந்து பக்கம் போகிறது, கையே இல்லை. ஆனால் அந்த நரம்பு இருக்கிறது, அது அவருடையதுதான். இந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த எனக்கு அந்த நரம்பு பிரிவது அன்றுதான் தெரிந்தது.

எழுந்ததும் பழைய பக்கங்களைப் புரட்டிவிட்டு, "என் காது இவ்வளவு பெரிசாவா இருக்கு?" என்றார். இருக்கிறது. வயசாக ஆகக் காது பெரிதாவது உண்மைதான். 1995-ல் வெளியான ஓர் ஆய்வில் ஆண்டுக்குச் சராசரியாக 0.22 மி.மீ. என்று அளந்திருந்தார்கள். சொன்னேன். "அப்ப சரியாத்தான் வரைஞ்சிருக்கே" என்றார்.

மார்ச் 3, இரவு

இன்றைக்கு எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

போன வாரம் மகள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். என்ன நடந்தது என்பது அவளுடைய விஷயம், இங்கே சொல்ல மாட்டேன். சமாதானப்படுத்தித் தூங்கவைத்துவிட்டு அதை வரைந்தேன். நான் வரைந்தவற்றிலேயே நல்ல பக்கம் அது. தோள் குலுங்குவதை மூன்றே கோட்டில் பிடித்திருந்தேன். போன் கேமராவில் எடுத்து நாலு சிநேகிதிகளுக்கு அனுப்பினேன். பாராட்டினார்கள், மனசுக்கு நன்றாக இருந்தது.

இன்று அவள் நோட்டைப் புரட்டும்போது அந்தப் பக்கத்தில் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். "நான் அழுதது இது. நீ எதுக்கு வச்சிருக்கே?" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 4

பக்கத்தை ஓரமாக அறுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன். நாலு பேருக்கு அனுப்பியதையும் சொன்னேன். அவர்களிடம் அழிக்கச் சொல்லி அழித்தாயிற்று. "கேட்டிருக்கணும், கேக்காம வரைஞ்சது என் தப்பு" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்தை என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

"குழந்தைக்கு என்ன தெரியும், பிற்காலத்தில் பொக்கிஷமாக நினைப்பாள்" என்று எனக்கு ஆறுதல் எழுதியவர்களுக்கு: அன்புக்கு நன்றி, ஆனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எட்டு வயதில் அவள் கேட்டது சரியான கேள்வி. மகனுக்கு மூன்று வயது, கேட்கத் தெரியாது. அவன் விஷயத்திலும் சிலவற்றை இனி வரைய மாட்டேன்: குளியல், நோய், அடம்பிடித்து உருளுவது. வரைந்த எதையும் வீட்டுக்கு வெளியே அனுப்பும் முன் அதில் இருப்பவரிடம் கேட்பேன். அப்பாவிடமும். தூங்கும்போது வரைகிறேனே, அவரிடமும் இதுவரை கேட்டதில்லை. நேற்றுக் கேட்டேன். "கையை வரை. வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கினா வரையாதே" என்றார்.

மார்ச் 16

அறுத்த பக்கம் என் நோட்டுக்குள் திரும்பி வந்திருக்கிறது. பின்பக்கம் அவளும் நாலு கட்டம் போட்டிருக்கிறாள்.

முதல் கட்டத்தில் தம்பி கட்டை அடுக்குகிறான். இரண்டில் தாத்தா, பெரிய காதோடு. மூன்றில் அவள், பேசிக்கொண்டிருக்கிறாள், குமிழிக்குள் எழுத்து இல்லை, கோடு கோடாக நிறைய. நாலாவதில் நான். எனக்கு முகம் இல்லை. வட்டமாகத் தலையின் மேல்பகுதி, நடுவில் வகிடு, கீழே நோட்டு. மேசைக்கு எதிரே உட்கார்ந்தால் அவளுக்குத் தெரிவது அதுதான்.

ஜனவரி 7-ல் பெருமையாக எழுதினேன், 15 பக்கம் எல்லாரும் விழித்திருக்கும்போது வரைந்தேன் என்று. அது பொய்யில்லை. அந்த 15 பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை. வகிடு சரியான இடத்தில் இருக்கிறது, இடதுபக்கம் கொஞ்சம் கோணலாக. நன்றாகப் பார்த்திருக்கிறாள்.

மார்ச் 29

மார்ச்சில் இதுவரை 12 பக்கம். கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன், வரைவதை விடவில்லை. மூன்று சொல் எழுதுவது மட்டும் இப்போது அவர்கள் எதிரில். பேசிக்கொண்டிருக்கும்போது பேனா கீழே. வரைவது நீச்சல் வகுப்பு வாசலிலும், அப்பா தூங்கும்போதும். இரவு எட்டு மணிக்கு மேல் மேசையில் நோட்டு நடுவில் இருக்கும், மூன்று கட்டம் நான், நாலாவது மகள். அவள் போடும் கட்டத்தில் நான் கை வைப்பதில்லை. வசனத்தை முதலில் எழுதச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். புள்ளி வைக்க மறந்துவிடுகிறாள், கடைசியில் எல்லாவற்றையும் மொத்தமாக வைக்கிறாள்.

கை அழுத்தம் அதிகம், என் 0.3 பேனாவின் முனை உள்ளே போய்விட்டது. 0.5-ல் இரண்டு வாங்கச் சொல்லியிருக்கிறேன். தம்பிக்கும் ஒன்று வேண்டுமாம். அவனுக்கு இன்னும் தடிமனாக எது தாங்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.